கல்லுக்குள் ஏடு

ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டித் தரும் கடையில் சற்று நேரம் நின்றால் ஒன்றைக் கவனிக்கலாம். அடுக்கி வைத்த தகடுகளுக்கு நடுவே ஈரம் புகுந்துவிட்டால், இரண்டு தகடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வேலைக்குப் புதிதாக வந்த பையன் மேல் தகட்டின் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பான். அசையாது. இன்னும் பலம் கொடுத்தால் மூலை உடையும். அனுபவப்பட்டவர் தூக்கவே மாட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் தகட்டின் மேல் பதித்துத் தன் பக்கமாக மெல்ல இழுப்பார். தகடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

ஒட்டியிருந்த பரப்பு ஒன்றுதான், ஈரமும் ஒன்றுதான். தூக்கினால் வராதது சறுக்கினால் எப்படி வருகிறது? தூக்கும்போது முழுப் பரப்பின் பிடியையும் ஒரே மூச்சில் விடுவித்தாக வேண்டும். சறுக்கும்போது பிடி விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நடுப்பகுதி கடைசிவரை எதையாவது பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது. பெரிய கடனைத் தவணையில் அடைப்பது போலத்தான் இது. கண்ணாடிக் கடைக்காரரின் இந்தக் கைப்பழக்கத்தை, அணுக்களின் அளவில், ஒரு சீசா தண்ணீருக்குள் செய்து காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பென்சிலில் இருக்கும் கரிய குச்சியை எடுத்துக்கொள்வோம். கிராஃபைட் என்னும் கனிமத்தையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டது அது. இந்தக் கிராஃபைட் சிவகங்கைப் பக்கத்தில் பூமிக்கடியில் கிடக்கிறது. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் மிகத் தூய்மையான கட்டிகளாகவே கிடைக்கிறது. கல்தான். ஆனால் விரலில் தேய்த்தால் வழுவழுவென்று ஒட்டும். திறக்க அடம்பிடிக்கும் பூட்டின் சாவித்துளையில் பென்சிலைச் சீவிய தூளைப் போடுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. கல் எப்படி எண்ணெய் போல வழுக்கும்?

காரணம் அதன் கட்டமைப்பு. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் ஆறு ஆறாகக் கைகோத்து, கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைப் போல ஒரே தளத்தில் விரிந்திருக்கின்றன. அந்த வலைக்குள் இருக்கும் பிணைப்பு இயற்கையில் உள்ள மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று. ஆனால் ஒரு வலைக்கும் அதன் மேல் படுத்திருக்கும் அடுத்த வலைக்கும் நடுவே அப்படிப்பட்ட பிணைப்பு எதுவுமில்லை. வாண்டர் வால்ஸ் விசை என்ற மெல்லிய ஈர்ப்பு மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதாலேயே வரும் ஒட்டுதல் அது. வலைக்கும் வலைக்கும் இடைவெளி 0.335 நானோமீட்டர். அப்படியானால் 1 மில்லிமீட்டர் கனமுள்ள கிராஃபைட் துண்டில் சுமார் 30 லட்சம் வலைகள் அடுக்கியிருக்கின்றன. நாம் கல் என்று கையில் வைத்திருப்பது உண்மையில் ஒரு கனத்த சுவடி.

அதனால் இந்த ஒவ்வொரு வலையையும் 'ஏடு' என்றே சொல்லத் தோன்றுகிறது. பனையோலைச் சுவடியின் ஓலையும் ஏடுதான், பாலின் மேல் படியும் மெல்லிய ஆடையும் ஏடுதான். இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன. சில அணுக்களின் கனமே உள்ள இந்தத் தாள்களை 'நானோ ஏடுகள்' என்று அழைப்போம். இப்படி ஏடு ஏடாக அமைந்த கனிமங்களுக்கு 'அடுக்குப் படிகங்கள்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். கிராஃபைட் மட்டுமல்ல, வண்டிகளுக்குப் போடும் கரிய கிரீஸில் கலக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடும், முகப்பவுடரில் வழுவழுப்புக்காகச் சேர்க்கும் போரான் நைட்ரைடும் அடுக்குப் படிகங்கள்தான். மூன்றும் வழுக்குகின்றன. மூன்றும் வழுக்குவதற்குக் காரணம் ஒன்றே.

சரி, பிரித்து என்ன பயன்? ஓர் ஏடு தனியாக நிற்கும்போது அதன் குணமே மாறிவிடுகிறது. கிராஃபைட்டின் தனி ஏட்டுக்குக் கிராஃபீன் என்று பெயர். மின்சாரத்தை அபாரமாகக் கடத்தும், இழுத்தால் எளிதில் அறாது. மாலிப்டினம் டைசல்ஃபைடு கட்டியாக இருக்கும்போது ஒளி உமிழ்வதில் மந்தம். அதையே ஒற்றை ஏடாக்கினால் அது ஒளிரத் தொடங்குகிறது என்று 2010இல் கண்டார்கள். ஒரே வேதிப்பொருள்தான், அணு ஒன்றுகூட மாறவில்லை. மேலும் கீழும் இருந்த அண்டைவீட்டார் இல்லாமல் போனதால் மட்டுமே வந்த மாற்றம். பரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1 கிராம் கிராஃபைட்டை மிச்சமில்லாமல் ஒற்றை ஏடுகளாகப் பிரித்து விரித்தால் சுமார் 1,300 சதுர மீட்டரை மூடும். நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 6 கிரவுண்டு நிலம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டைன் நோவசெலோவும் 2004இல் சாதாரண ஒட்டுநாடாவைக் கொண்டு கிராஃபைட்டை உரித்து உரித்து ஒற்றை ஏட்டை எடுத்ததும், 2010இல் நோபல் பரிசு பெற்றதும் பலரும் அறிந்த கதை. அந்த முறையில் கிடைக்கும் ஏடு மிகவும் நேர்த்தியானது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு துணுக்குக் கிடைக்க ஒருவர் உட்கார்ந்து தேட வேண்டும். ஆய்வுக்கு அது போதும். ஒரு லிட்டர் மைக்கோ ஒரு வாளி பெயின்டுக்கோ போதாது.

அளவு வேண்டுமென்றால் திரவத்துக்குள் போக வேண்டும். அந்த யோசனை ஒட்டுநாடாவைவிட மிகப் பழையது. 1859இல் பெஞ்சமின் பிராடி என்ற ஆங்கிலேய வேதியியலாளர் கிராஃபைட்டைக் கடும் அமிலத்தில் பதப்படுத்தி, தண்ணீரில் பரவக்கூடிய ஒரு பொருளாக மாற்றினார். இன்று அதைக் கிராஃபைட் ஆக்சைடு என்கிறோம். ஏடுகளின் மேல் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்வதால் அவை தண்ணீரை விரும்பத் தொடங்கி, தாமாகவே உப்பிப் பிரிகின்றன. ஆனால் அந்த ஆக்சிஜன் கார்பன் வலையையும் கெடுத்துவிடுகிறது. மின்சாரம் கடத்துவது கிட்டத்தட்ட நின்றுவிடும். பின்னர் ஆக்சிஜனை நீக்கினாலும் வலையில் விழுந்த ஓட்டைகள் அப்படியே இருக்கும்.

1986இல் கனடாவில் இன்னொரு வழியைக் கண்டார்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஏடுகளுக்கு நடுவே லித்தியம் அணுக்களை நுழைத்து, பிறகு தண்ணீரில் போட்டார்கள். லித்தியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அந்த வாயு உள்ளிருந்தே ஏடுகளை நெம்பிப் பிரிக்கும். இந்த நுழைப்புக்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பழைய நூல்களின் ஏட்டில் பிறர் பாடலைச் சேர்ப்பதைப் பதிப்பாசிரியர்கள் 'இடைச்செருகல்' என்பார்கள், அதுவேதான் இதுவும். இடைச்செருகல் மூலபாடத்தைக் கெடுப்பது போலவே இங்கும் நடக்கிறது. லித்தியம் தரும் எலக்ட்ரான்களால் ஏட்டுக்குள் அணுக்களின் வரிசை மாறி, குறைக்கடத்தியாக இருந்தது உலோகத்தைப் போல நடக்கத் தொடங்குகிறது. சூடாக்கித்தான் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும்.

ஏட்டை எதுவும் செய்யாமல், அதன் மேல் எதையும் ஒட்டாமல், வெறும் திரவத்தால் பிரிக்க முடியுமா என்ற கேள்வி நின்றது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள டிரினிட்டி கல்லூரியில் ஜொனாதன் கோல்மன் குழுவினர் 2008இல் அதற்கு முடியும் என்று விடை சொன்னார்கள். கிராஃபைட் தூளை என்-மெத்தில் பைரோலிடோன் என்ற கரைப்பானில் போட்டு, மீயொலியால் குலுக்கி, தெளிந்ததை எடுத்தார்கள். அதில் ஒற்றை ஏடுகள் மிதந்தன. ஏன் அந்தக் கரைப்பான்? ஏன் தண்ணீர் இல்லை? என் பார்வையில் இந்தத் துறையின் அழகெல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கிணற்றில் குளிக்கும் நீளமுடிக்காரப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போது முடி இழை இழையாகப் பிரிந்து பாசி போல அலைகிறது. தலையை வெளியே எடுத்ததும் அத்தனையும் சேர்ந்து கற்றையாக ஒட்டிக்கொள்கிறது. 'நனைந்தால் முடி ஒட்டும்' என்கிறோம். ஆனால் உள்ளே இருந்தபோது இன்னும் நன்றாகத்தானே நனைந்திருந்தது? ஆக, ஒட்டவைப்பது ஈரம் அல்ல. தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையிலான பரப்புத்தான். தண்ணீர் மூலக்கூறுகளுக்குத் தங்களுக்குள்ளேயே ஈர்ப்பு அதிகம். காற்றைத் தொடும் பரப்பு அவற்றுக்கு நஷ்டம். அந்தப் பரப்பைச் சுருக்குவதற்காக முடியை எல்லாம் இழுத்துக் கட்டுகின்றன. பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்தது இதைத்தான்.

ஏடுகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஒரு சுவடியை இரண்டாகப் பிரித்தால் இரண்டு புதிய பரப்புகள் திரவத்தைத் தொடும். அந்தத் தொடர்பு லாபமா நஷ்டமா? ஏடு ஏட்டை இழுக்கும் அளவு, திரவம் திரவத்தை இழுக்கும் அளவு, ஏடும் திரவமும் இழுத்துக்கொள்ளும் அளவு என்ற இந்த மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஏடு தன் கூட்டத்தோடு இருப்பதும் ஒன்றுதான், திரவத்தின் நடுவே தனியாக இருப்பதும் ஒன்றுதான். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். அது தன் ஆட்களையே இறுகப் பிடித்துக்கொண்டு ஏட்டை ஒதுக்கிவிடும். பெட்ரோல் வகையைச் சேர்ந்த ஹெக்சேனுக்கு 18தான். அதற்கு ஏட்டைப் பற்றும் வலு போதாது. டப்ளின் குழு பல கரைப்பான்களை வரிசையாகச் சோதித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஏடு மிதக்கிறது என்று அளந்தது. 40ஐ ஒட்டிய கரைப்பான்களில்தான் ஏடு அதிகம் மிதந்தது. அதற்குக் கீழேயும் மேலேயும் அளவு சரிந்தது. பைரோலிடோன் வகைக் கரைப்பான் அந்த உச்சியின் அருகில் உட்கார்ந்திருக்கிறது.

இந்த விளக்கம் சரிதானா என்பதற்கு 2011இல் சீனாவிலிருந்து ஓர் அழகான சாட்சி வந்தது. தூய தண்ணீர் மோசம், தூய எத்தனாலும் மோசம். இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தபோது மாலிப்டினம் டைசல்ஃபைடு நன்றாகப் பிரிந்து மிதந்தது. இரண்டு உதவாத திரவங்கள் சேர்ந்து ஓர் உதவும் திரவம். வேதியியல் மாயம் எதுவுமில்லை, நடுவில் இருக்கும் எண்ணைப் பிடித்ததுதான் காரணம்.

பொருத்தமான திரவம் இருந்தாலும் ஏடு தானாகப் பிரிந்துவிடாது. முதலில் யாராவது அடித்துப் பிரிக்க வேண்டும். பரோட்டா மாஸ்டர் என்ன செய்கிறார்? கல்லிலிருந்து எடுத்த நாலைந்து பரோட்டாவை அடுக்கி, இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிக்கிறார். மேலிருந்து அடித்தால் அடுக்குகள் இன்னும் நசுங்கும். பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வோர் அடுக்கும் வில்லாக வளைந்து, அடுத்ததிலிருந்து விலகி, இடையில் வாய் திறக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே எண்ணெய் தடவியிருப்பதால் அவை விலகத் தயாராகவே இருக்கின்றன.

மீயொலியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். நகைக்கடைகளில் அழுக்கு நகையைச் சின்னத் தொட்டியில் போட்டு உஸ்ஸென்ற சத்தத்தோடு சுத்தம் செய்வார்களே, அதே மீயொலித் தொட்டிதான் ஆய்வகத்திலும் இருக்கிறது. விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிரும் ஒலி, திரவத்தில் நுண்ணிய குமிழிகளைப் பிறப்பித்து உடனே நொறுக்குகிறது. அந்த நொறுங்கல் அக்கம்பக்கத்தில் இருக்கும் கிராஃபைட் துண்டைத் தாக்குகிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் படிப்படியாகக் காட்டியது. முதலில் பெரிய துண்டுகள் உடைகின்றன. அவற்றின் மேல் மடிப்பு மடிப்பாகக் கோடுகள் விழுகின்றன, அடிவாங்கிய பரோட்டாவில் விழுவது போல. அந்தக் கோடுகளின் வழியே விரிசல் ஓட, விளிம்பில் திரவம் நுழைந்து மெல்லிய நாடாக்களை உரிக்கிறது. அந்த நாடாக்கள் பிறகு ஏடுகளாகின்றன.

பிரிந்த ஏடு மறுபடி ஏன் ஒட்டுவதில்லை? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இரண்டு ஏடுகள் மெல்ல நெருங்கும்போது நடுவில் இருக்கும் திரவம் வெளியேறிக்கொண்டே வருகிறது. கடைசியில் ஒரே ஒரு வரிசை கரைப்பான் மூலக்கூறுகள் மிச்சமிருக்கும். அமெரிக்காவின் எம்ஐடியில் 2010இல் செய்த கணினிக் கணிப்பின்படி, இந்தக் கடைசி வரிசையை வெளியே தள்ளுவதுதான் மிகக் கடினம். அந்த ஒற்றை வரிசை மூலக்கூறுகள்தான் இரண்டு ஏடுகளையும் நாள்கணக்கில் தள்ளி வைத்திருக்கின்றன.

ஆனால் பைரோலிடோன் நல்ல திரவம் அல்ல. கருவில் இருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது. 200 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும் என்பதால் காய்ந்த படலத்திலிருந்து அதை விரட்டுவதும் சிரமம். அதனால் தண்ணீருக்கே திரும்பினார்கள், துணைக்குச் சோப்பை அழைத்துக்கொண்டு. சோப்பு மூலக்கூறின் எண்ணெய் விரும்பும் வால் ஏட்டின் மேல் படுக்கும். மின்னேற்றம் கொண்ட தலை தண்ணீரை நோக்கி நிற்கும். எல்லா ஏடுகளும் ஒரே வகை மின்னேற்றத்தைப் போர்த்திக்கொள்வதால் ஒன்றையொன்று விலக்கும். சோடியம் கோலேட் என்ற பித்த உப்பு இதற்கு நன்றாக உதவுகிறது. நாம் சாப்பிட்ட நெய்யைக் குடலில் சிறு துளிகளாகப் பிரித்து வைக்கும் அதே வகைப் பொருள்தான் இது. அதை வைத்து 2010இல் டப்ளின் குழு 400 மணி நேரம் வரை மீயொலித் தொட்டியை ஓடவிட்டுப் பார்த்தது.

400 மணி நேரம் என்பது ஆய்வகத்துக்குச் சரி, ஆலைக்குச் சரிப்படாது. அங்கேதான் கண்ணாடிக் கடைக்காரரின் கை திரும்ப வருகிறது. 2014இல் கோல்மன் குழு மீயொலியை விட்டுவிட்டு, பெயின்ட், கிரீம் முதலியவற்றைக் கலக்கும் தொழிற்சாலைக் கலக்கிக்குப் போனது. அதில் வேகமாகச் சுழலும் ஒரு பகுதியும் அசையாத ஒரு கூடும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே சிறிய இடுக்கு. அந்த இடுக்கில் மாட்டிய திரவத்தின் ஒரு பக்கம் நிற்கிறது, மறுபக்கம் ஓடுகிறது. நடுவில் இருக்கும் கிராஃபைட் துண்டின் மேல் ஏட்டை ஒரு பக்கமும் கீழ் ஏட்டை மறுபக்கமும் திரவம் இழுக்கிறது. இதுதான் சறுக்கு விசை. தூக்கிப் பிரிக்கவில்லை; வழுக்கிப் பிரிக்கிறது.

சறுக்கல் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும்? இடுக்கின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நிலையாக நிற்க, மறுபக்கம் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால், சறுக்கு வீதம் விநாடிக்கு 10,000. ஏடு பிரியத் தேவையான குறைந்தபட்ச அளவும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. இதை எப்படிக் கண்டார்கள்? சுழலும் பகுதியின் விட்டத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் எந்த வேகத்தில் ஏடு தோன்றத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். சிறிய சக்கரத்துக்கு அதிக வேகம் வேண்டியிருந்தது, பெரியதற்குக் குறைந்த வேகம் போதுமாக இருந்தது. ஆனால் சறுக்கு வீதமாக மாற்றிக் கணக்கிட்டபோது எல்லாமே அதே 10,000 பக்கத்தில் வந்து நின்றன. வேலை செய்வது சக்கரமோ வேகமோ அல்ல, சறுக்கல்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

10,000 என்ற எண் வீட்டுச் சமையலறைக்கும் எட்டும் தூரம்தான். அதே ஆண்டில் அந்தக் குழுவினர் சமையலறை மிக்ஸியில் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் திரவச் சோப்பு, கிராஃபைட் தூள் ஆகிய மூன்றையும் போட்டு அரைத்துக் கிராஃபீன் எடுத்ததைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதன் முதல் ஆசிரியர் ஈஸ்வரய்யா வர்லா, அதற்கு முன்பு சென்னை ஐஐடியில் கிராஃபீன் ஆய்வு செய்தவர். மிக்ஸியின் பிளேடுக்குப் பக்கத்தில் குறுகிய இடுக்கு இல்லை. ஆனால் சுழல் கொந்தளிப்பே தேவையான சறுக்கலைத் தந்துவிடுகிறது. வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: அரைத்து முடித்ததும் ஜாடியில் இருப்பது பெரும்பாலும் பழைய கிராஃபைட்தான், சோப்பு நுரையோடு. ஏடுகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. ஜாடியும் பிறகு சட்னிக்கு உதவாது.

ஒளிந்திருப்பதைப் பிரித்தெடுப்பது மையவிலக்குக் கருவியின் வேலை. இரத்தப் பரிசோதனை நிலையத்தில் குழாய்களைச் சுழற்றிச் சிவப்பணுக்களை அடியில் படியவைக்கும் அதே கருவி. மெதுவாகச் சுழற்றினால் கனத்த துண்டுகள் அடியில் படியும். மேலே நிற்பதை எடுத்து வேகமாகச் சுழற்றினால் நடுத்தர ஏடுகள் படியும். இன்னும் வேகமாகச் சுழற்றினால் மெல்லியவை படியும். அரிசியை வெவ்வேறு கண் சல்லடையில் சலிப்பது போலப் படிப்படியாகத் தரம் பிரிக்கிறார்கள்.

தரம் பிரித்த சீசாக்களை வரிசையாக வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். கிராஃபீன் கன்னங்கரேல். கொஞ்சம் தண்ணீர் விட்டால் சாம்பல். போரான் நைட்ரைடு நீர்த்த பால். மாலிப்டினம் டைசல்ஃபைடோ பாசிப் பச்சை. தூளாக இருந்தபோது கறுப்பாகத் தெரிந்த பொருள் அது! லேசர் ஒளியை ஒரு பக்கத்திலிருந்து செலுத்தினால் சீசாவுக்குள் கதிரின் பாதை கோடாகத் தெரியும், காலைப் பொழுதில் ஓட்டுத் துளை வழியே அடுப்புப் புகையில் விழும் வெயில் போல. அந்தக் கோடு தெரிந்தால், உள்ளே துகள்கள் படியாமல் மிதக்கின்றன என்று அர்த்தம்.

மிதப்பது ஏடுதான், வெறும் தூள் அல்ல என்று எப்படி நம்புவது? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தினால், அறுகோண வலை ஆறு ஆறு புள்ளிகள் கொண்ட இரண்டு வளையங்களாகத் தன் நிழலைக் காட்டும். ஒற்றை ஏடானால் உள்வளையப் புள்ளிகள் அதிகம் ஒளிரும். இரண்டு ஏடுகள் இயற்கையான முறையில் அடுக்கியிருந்தால் வெளிவளையம் அதிகம் ஒளிரும். இரண்டாவது ஏட்டின் பாதி அணுக்கள் முதல் ஏட்டின் அறுகோண நடுவில் விழுவதால், இரண்டிலிருந்தும் வரும் அலைகள் உள்வளையத்தில் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்கின்றன. புள்ளிகளின் வெளிச்சத்தை ஒப்பிட்டாலே போதும், எண்ண வேண்டியதில்லை.

ஏடு ஊனமில்லாமல் இருக்கிறதா என்று சொல்வது ராமன் விளைவு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கொல்கத்தாவில் கண்டறிந்தது இன்று உலகில் கிராஃபீன் செய்யும் எல்லா ஆய்வகங்களிலும் அன்றாடக் கருவி. ஒளியைப் பாய்ச்சினால் அதில் மிகச் சிறு பங்கு அணுக்களை அதிரவைத்துவிட்டு, நிறம் சற்று மாறித் திரும்புகிறது. எவ்வளவு மாறியது என்பதிலிருந்து அணுக்கள் எப்படி அதிர்ந்தன என்று படிக்கலாம். கார்பன் வலையில் ஓர் அதிர்வு உண்டு. வலை முழுமையாக இருக்கும்வரை அது வெளியே தெரியாது. ஓட்டையோ ஓரமோ இருந்தால் மட்டும் தலைகாட்டும். மிக்ஸியில் அடித்த ஏடுகளிலும் அது கொஞ்சம் தெரிந்தது. ஓட்டையா, ஓரமா? ஓரத்தால் வந்ததென்றால், ஏடு சிறுக்கச் சிறுக்க அது கூட வேண்டும், ஏனென்றால் சிறிய தாளுக்குப் பரப்போடு ஒப்பிட்டால் ஓரம் அதிகம். அளந்து பார்த்தபோது அப்படியே இருந்தது. வலையின் நடுப்பகுதி காயமில்லாமல் தப்பியிருக்கிறது. கிராஃபைட் ஆக்சைடில் அதே அதிர்வு வானளாவி நிற்கும்.

இந்தச் சோதனைகளை எல்லோரும் ஒழுங்காகச் செய்வதில்லை என்பது வருத்தமான விஷயம். சிங்கப்பூரிலிருந்து 2018இல் வந்த ஓர் ஆய்வு, 60 நிறுவனங்கள் விற்ற கிராஃபீனைப் பரிசோதித்தது. பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் நன்றாக அரைத்த கிராஃபைட். நல்ல விஷயம் கெட்ட பெயர் வாங்குவது இப்படித்தான். சிமென்ட்டிலோ பெயின்டிலோ கலந்து பயனில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் கலந்தது என்ன என்பதை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஓலைச்சுவடிகளைக் கையாண்டவர்களுக்கு அது சொல்லாமலே புரியும். ஒட்டிய ஏடுகளைப் பிரிக்கும் அதே இழுப்புத்தான் ஏட்டை ஒடிக்கவும் செய்கிறது. குமிழியின் அடிக்கும் பிளேடின் சறுக்கலுக்கும் இது பிரிக்க, அது கிழிக்க என்ற பாகுபாடு தெரியாது. 2019இல் பல அடுக்குப் படிகங்களை ஒப்பிட்டுப் பார்த்து ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். ஏட்டைக் கிழிக்கத் தேவையான ஆற்றலுக்கும் உரிக்கத் தேவையான ஆற்றலுக்கும் உள்ள விகிதமே, கிடைக்கும் ஏட்டின் நீளத்துக்கும் கனத்துக்கும் உள்ள விகிதத்தைத் தீர்மானிக்கிறது. ஏடு மெலிய மெலியச் சிறுத்தும் போகிறது. இன்னும் ஒரு மணி நேரம் அரைத்தால் பெரிய மெல்லிய ஏடு கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

பயன்பாட்டுக்கு வரும்போது இந்தச் சிறுமை உறுத்துகிறது. 2017இல் டப்ளின் குழு முழுக்க அச்சிலேயே ஒரு டிரான்சிஸ்டரைச் செய்தது. மின்முனைகளுக்குக் கிராஃபீன் மை, நடுவே குறைக்கடத்தியாக டங்ஸ்டன் டைசெலினைடு மை, இடையில் பிரிப்பானாகப் போரான் நைட்ரைடு மை. மூன்றும் திரவத்தில் பிரித்த ஏடுகள். ஆனால் மை காயும்போது, தண்ணீரிலிருந்து எடுத்த முடியைப் போல ஏடுகள் மறுபடி கூடுகின்றன. நெல் உலர்த்திய களத்தில் சருகு விழுந்தது போல ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. எலக்ட்ரான் ஓர் ஏட்டுக்குள் சுளுவாக ஓடும். அடுத்த ஏட்டுக்குத் தாவும் இடத்தில்தான் தடுமாறும். இத்தனை பாடுபட்டுப் பிரித்தவற்றை இப்போது சரியாகத் தொடவைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இடைச்செருகலை மென்மையாகச் செய்து பார்த்தார்கள். லித்தியத்துக்குப் பதிலாக, நீண்ட கார்பன் வால்கள் கொண்ட பெரிய அம்மோனிய அயனிகளை மின்சாரத்தின் உதவியோடு மாலிப்டினம் டைசல்ஃபைடு படிகத்துக்குள் மெல்ல ஏற்றினார்கள். படிகம் ஊறிய வடைப் பருப்பைப் போல உப்பியது. பிறகு மீயொலியில் லேசாகக் குலுக்கினாலே போதுமாக இருந்தது. லித்தியம் செய்த கேட்டை இந்தப் பெரிய அயனிகள் செய்யவில்லை. குறைக்கடத்தி குறைக்கடத்தியாகவே இருந்தது. கிடைத்த ஏடுகள் சில நானோமீட்டர் கனமும், ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய அகலமும் கொண்டவை. அவற்றை மையாக்கிப் பூசியபோது சருகுக் குவியலாகக் கிடக்கவில்லை. மலையாள வீட்டின் கூரையில் ஓடு வேய்ந்தது போல, ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் படிந்து தட்டையாகப் படுத்துக்கொண்டன. எலக்ட்ரான்கள் ஓட்டிலிருந்து ஓட்டுக்கு முன்னைவிடப் பல மடங்கு எளிதாகக் கடந்து போயின.